கோட்டின் நுனியைப் பாருங்கள்: பழைய எட்சிங்குகளைப் படிக்கும் முறை

எட்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து, மை நிரப்பித் தாளில் அச்சடித்த படம். அதைப் பார்க்கச் சரியான தூரம் ஒரு முழம். எண்ணெய் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பத்தடி தள்ளி நின்றால் சாம்பல் படிந்த காகிதம் ஒன்றுதான் தெரியும். சுவரில் மாட்டுவது பிற்காலத்துப் பழக்கம். பதினேழாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை ஆல்பங்களிலும் கோப்புகளிலும் வைத்திருந்தார்கள். வேண்டும்போது மேசையில் எடுத்துப்போட்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்கள்.

தேவையானவை மூன்றே: 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், சிறு டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைத் தாளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை கொண்டுபோங்கள். பலர் லென்ஸைத் தாளருகே பிடித்துவிட்டுத் தொலைவிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அப்போது நடுவில் ஒரு பொட்டு மட்டுமே தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் கலங்கும். அசலைத் தொட வாய்ப்பில்லாதவர்கள் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் தொடங்கலாம். அங்குள்ள படங்களைக் கோட்டின் ஓரம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்க முடியும், இலவசமாக இறக்கியும் கொள்ளலாம்.

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் ‘இந்தக் கோடு எப்படி உண்டானது’ என்று கேளுங்கள். கண்ணுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று கோடுகள்

எட்சிங், எங்கிரேவிங், டிரைபாயிண்ட் மூன்றிலும் மை தகட்டின் பள்ளத்துக்குள் இருக்கிறது. ஈரத்தாள் அழுத்தத்தில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்து வருகிறது. பள்ளத்தைத் தோண்டியது எது என்பதில்தான் வித்தியாசம்.

எங்கிரேவிங்கில் தோண்டுவது பியூரின் என்ற கூர் உளி. வலக்கை உளியை முன்னால் தள்ளும். தோல் மெத்தைமேல் கிடக்கும் தகட்டை இடக்கை திருப்பித் தரும். உளி மெல்ல உள்ளே இறங்கி, ஆழம்போய், மெல்ல மேலே வருவதால் கோடு மெலிதாகத் தொடங்கி, பருத்து, ஊசிபோல் முடியும். ஜெர்மன் கலைஞர் டியூரரின் 1514ஆம் ஆண்டு ‘மெலன்கோலியா’வில் பெண்ணின் ஆடை மடிப்புகளை லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு கோடும் மீன் உடலைப்போல் நடுவில் தடித்து நுனிகளில் கூர்ந்திருக்கும்.

எட்சிங்கில் தோண்டுவது அமிலம். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. ஊசி அந்த மெழுகை மட்டும் விலக்கி விடுகிறது. மெழுகில் எதிர்ப்பு கிடையாது, எனவே கை பேனாவைப்போல் சுதந்திரமாக ஓடும், கிறுக்கும், திரும்பும். வெளியே தெரியும் செம்பை அமிலம் எங்கும் ஒரே சீராக அரிப்பதால் கோட்டின் தடிமன் மாறாது, நுனி மொட்டையாக இருக்கும். ஓரத்தைப் பெரிதாக்கினால் லேசாகச் சொரசொரப்பாகத் தெரியும்.

டிரைபாயிண்டில் மெழுகும் இல்லை, அமிலமும் இல்லை. கூர்முனையால் நேராகச் செம்பைக் கீறுவதுதான். உழவுச்சாலின் இருபக்கமும் மண் எழும்புவதுபோல் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அச்சடிக்கும்போது பள்ளத்தைவிட அந்தப் பிசிறுதான் அதிக மையைப் பிடிக்கும். தாளில் கோட்டின் ஓரம் வெல்வெட் போலப் படர்ந்து தெரியும். இந்தப் பிசிறு நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு தடவை பிரஸுக்குள் போகும்போதும் நசுங்கும். பத்து இருபது அச்சுப்படிகளுக்குள் வெல்வெட் போய்விடும், வெளிறிய கீறல்தான் மிச்சம். டிரைபாயிண்டின் முதல் படிகளுக்கு இருக்கும் மதிப்புக்குக் காரணம் இதுதான்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரே தகட்டில் மூன்றையும் கலப்பார். 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ பயிற்சிக்கு ஏற்ற படம். மரங்களின் இலைக்கொத்து எட்சிங். மேல் இடப்பக்கத்தில் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் சாய்ந்து இறங்கும் மழைக் கோடுகளைப் பக்கத்து மேகத்தோடு ஒப்பிடுங்கள். கை ஓடிய விதமே வேறு. கீழே வலது மூலையில் புதருக்குள் ஒரு காதல் ஜோடி ஒளிந்திருக்கிறது. கோடுகளை எண்ணிக்கொண்டு போகிறவர் கண்ணில்தான் அது படும்.

நுனியை வைத்துக் கண்டுபிடிக்கும் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஜாக் கலோ, 1592 முதல் 1635 வரை வாழ்ந்த நான்சி நகரத்துக்காரர். அவர் எஷாப் என்ற கருவியைப் பயன்படுத்தினார். சாய்வாக வெட்டிய வட்டக் கம்பி அது. வரையும்போது விரலில் உருட்டினால் கோடு பருத்து மெலியும். எட்சிங்கே எங்கிரேவிங் வேஷம் போடும். கூடவே, இசைக்கருவி செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷை மெழுகுக்குப் பதில் எடுத்துக்கொண்டார். அது எளிதில் உரியாது என்பதால் பல தடவை அமிலத்தில் விட முடிந்தது. முன்னால் நிற்பவர்களை ஆழமாகவும் தொலைவில் உள்ளவர்களை மெலிதாகவும் அரிக்க வைத்து அவர் தூரத்தைக் காட்டியது இப்படித்தான். 1633இல் வந்த 18 படங்கள் கொண்ட அவருடைய ‘போரின் கொடுமைகள்’ தொகுப்பில் ஒவ்வொரு படமும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள் ஒரு படையே நிற்கும். இந்த முறையை ஆப்ரஹாம் போஸ் 1645இல் கைநூலாக எழுதினார். எட்சிங்குக்கென்று வந்த முதல் கைநூல் அதுதான்.

வேர் இன்னும் பழையது. கவசங்களில் அமிலத்தால் அலங்காரம் செய்யும் தொழில் ஜெர்மனியில் முன்பே இருந்தது. 1500 வாக்கில் ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த டேனியல் ஹோப்ஃபர் அதே வித்தையை இரும்புத் தகட்டில் செய்து தாளில் அச்சடித்தார். தேதி போட்ட முதல் எட்சிங் உர்ஸ் கிராஃபுடையது, ஆண்டு 1513. டியூரரும் 1515க்கும் 1518க்கும் இடையில் ஆறு இரும்புத் தகடுகளில் முயன்று பார்த்துவிட்டு உளிக்கே திரும்பினார். ‘பீரங்கியுள்ள நிலக்காட்சி’யைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கனம். பிந்திய படிகளில் துருவின் புள்ளிகள் வானத்தில் விழுந்திருக்கும். இரும்பிலிருந்து செம்புக்கு மாறிய பிறகுதான் இந்தக் கலை மூச்சுவிட்டது.

ஒரு தகட்டை நீங்களே செய்து பாருங்கள்

பத்து நூல் படிப்பதைவிட ஒரு சின்னத் தகடு அதிகம் சொல்லித்தரும். படம் நன்றாக வரவேண்டிய அவசியமில்லை. கோடு எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தாலே போதும்.

10க்கு 15 சென்டிமீட்டர், 1 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத்தகடு எடுங்கள். நான்கு ஓரங்களையும் அரத்தால் 45 பாகைச் சரிவாக ராவி, மூலைகளை உருட்டி, மெருகுக்கோலால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால் கூரான ஓரம் தாளையும் ஃபெல்ட் கம்பளியையும் வெட்டும். சரியாகத் தேய்க்காத ஓரத்தில் மை தங்கி, படத்தைச் சுற்றி அழுக்குக் கோடாக விழும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு நீக்குவது. சாக் (chalk) தூளில் வினிகரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் குழைத்துத் தேயுங்கள். கழுவித் தகட்டைச் சாய்க்கும்போது தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இருக்கிறது, மறுபடி தேயுங்கள். பிசுக்குள்ள இடத்தில் மெழுகு ஒட்டாது. அமிலத்தில் போட்ட பிறகுதான் அது தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை.

தடுப்புப் பூச்சுக்குப் பழைய விகிதம்: தேன்மெழுகு 2 பங்கு, நிலக்கீல் 2 பங்கு, பைன் பிசின் 1 பங்கு. மெழுகு வளைந்துகொடுக்கும், நிலக்கீல் அமிலத்தைத் தாங்கும், பிசின் கெட்டிப்படுத்தும். பிசின் கூடினால் ஊசி பட்ட இடத்தில் பூச்சு செதில் செதிலாகத் தெறிக்கும். மெழுகு கூடினால் கை வைத்த இடமெல்லாம் நசுங்கும். உருண்டையாகக் கிடைப்பதை வாங்குவது நல்லது, வீட்டில் காய்ச்சினால் தீப்பிடிக்கலாம். தகட்டைச் சூடான பரப்பில் வைத்து, உருண்டை தொட்டதும் உருகும் பதத்தில் கோடு கோடாகத் தடவி, ரோலரால் பொன் பழுப்பு நிறப் படலமாகப் பரப்புங்கள். புகை எழுந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

பூச்சு இன்னும் இளகியிருக்கும்போதே தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, மூன்று நான்கு மெழுகுத்திரிகளைச் சேர்த்துக் கட்டிய சுடரை அடியில் ஓட்டுங்கள். புகைக்கரி மெழுகுக்குள் கலந்து பளபளக்கும் கறுப்பாகும். சுடரின் நுனி மட்டும் தொட வேண்டும், ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் பூச்சு கருகிவிடும். மங்கலாகத் தெரியும் இடம் கருகிய இடம், அங்கே அமிலம் உள்ளே புகும். பின்பக்கத்தை அகலமான பார்சல் டேப்பால் மூடிவிடுங்கள்.

இப்போது வரையலாம். ஊசி செம்பைத் தொட வேண்டும், கீற வேண்டியதில்லை. இரண்டு சங்கடங்கள் வரும். ஒன்று, கறுப்புப் பின்னணியில் செம்பு மின்னுவதால் இருட்டும் வெளிச்சமும் தலைகீழாகத் தெரியும். நெருக்கமாகக் கோடு போட்ட இடம் பிரகாசமாக இருக்கும், அச்சில் அதுவே கறுப்பாகும். இன்னொன்று, படம் இடவலம் மாறி விழும். ரெம்பிராண்ட்டின் 1650ஆம் ஆண்டுச் சங்கு இதற்குச் சரியான சாட்சி. வெறும் 10க்கு 13 சென்டிமீட்டர் படம். கையெழுத்தைத் தகட்டில் திருப்பி எழுதியதால் அச்சில் நேராக இருக்கிறது. சங்கை மட்டும் பார்த்தபடியே தகட்டில் வரைந்துவிட்டார். அச்சில் சங்கின் சுழி இயற்கைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது.

அமிலத் தொட்டி

பழைய பட்டறைகளில் பல கலவைகள் இருந்தன. கெட்டி வார்னிஷுக்கு போஸ் சொல்வது வினிகர், நவச்சாரம், உப்பு, செம்புக் களிம்பு சேர்ந்த கலவை. தகட்டைச் சாய்த்து வைத்து அதன்மேல் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். நைட்ரிக் அமிலமும் புழங்கியது. அதை வீட்டில் தொட வேண்டாம், வெளிவரும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

இன்றைக்குச் செம்புக்கு உகந்தது ஃபெரிக் குளோரைடு. 40 சதவீதக் கரைசல் 800 மில்லி எடுங்கள். 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து அதில் சேருங்கள். சிட்ரிக் அமிலம் இல்லாவிட்டால் அரிப்பில் உண்டாகும் வண்டல் கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பை நிறுத்திவிடும். அதைச் சேர்த்தாலும், தகட்டைச் செங்குத்தாகவோ முகம் கீழாகவோ வைப்பது பாதுகாப்பு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பிளாஸ்டிக் தொட்டி கட்டாயம். சொட்டினால் கல்லிலும் துணியிலும் போகாத மஞ்சள் கறை. செம்புக்குப் பயன்படுத்திய கரைசலில் துத்தநாகத் தகட்டைப் போடாதீர்கள், கொதித்துப் பொங்கும். வேலை முடிந்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் கரைந்த செம்பு இருக்கிறது. ரசாயனக் கழிவாகத்தான் கொடுக்க வேண்டும்.

எத்தனை நிமிடம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கரைசலின் வயது, அறையின் வெப்பம் இரண்டும் கணக்கை மாற்றும். எனவே முதல் தகட்டைப் படம் வரைய வைத்துக்கொள்ளாமல் சோதனைத் தகடாக்குங்கள். ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிக் கோட்டுவலை. 5 நிமிடத்தில் எடுத்துக் கழுவி, உலர்த்தி, முதல் பட்டையை வார்னிஷ் பூசி மூடுங்கள். 10இல் இரண்டாவது, 20இல் மூன்றாவது, 40இல் நான்காவது, 80இல் ஐந்தாவது. நேரம் இரட்டிப்பாகும்போதுதான் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். நாற்பதோடு ஐந்து நிமிடம் கூட்டுவது எதையும் மாற்றாது. இந்தத் தகட்டின் அச்சை அருகில் வைத்துக்கொண்டு கலோவைப் பார்த்தால், தொலைவில் உள்ள மனிதர்களை எப்போது மூடினார் என்றுகூட ஊகிக்கலாம்.

தவறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. பூச்சில் ஊசித்துளை இருந்தால் வெறும் இடத்தில் கரும்புள்ளிகள் விழும். கோடுகளை மிக நெருக்கமாகப் போட்டு அதிக நேரம் விட்டால் நடுவிலுள்ள செம்பு வரப்பு இடிந்து எல்லாம் ஒரே குழியாகிவிடும். குழி ஆழம் என்பதால் கறுப்பாக விழும் என்று நினைப்போம். விழாது. அகன்ற குழியின் நடுவில் மை பிடிக்க எதுவும் இல்லை, துடைக்கும்போது வந்துவிடும். ஓரம் கறுத்து, நடு வெளுத்த திட்டாக அச்சாகும். பழைய படங்களில் அடர் நிழலுக்குள் இப்படி ஒரு வெளிறிய திட்டைப் பார்த்தால் அது ஒளி இல்லை, விபத்து. உளியால் அதன்மேல் மறுபடி கோடு போட்டுச் சரிசெய்திருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் செய்திருப்பார்கள்.

மை, தாள், பிரஸ்

எட்சிங் மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் அரைத்த கரி. தகட்டை லேசாகச் சூடாக்கி, அட்டைத் துண்டால் மையைப் பல திசைகளில் இழுத்துப் பள்ளங்களில் திணியுங்கள். பிறகு கஞ்சிபோட்ட வலைத்துணியைத் தட்டையான பந்தாக மடித்து, வட்ட வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். அழுத்தினால் துணி பள்ளத்துக்குள் போய் மையை வழித்துவிடும். கடைசித் துடைப்பு உள்ளங்கையின் ஓரத்தால், சாக் தூள் தொட்டு. ஓரச் சரிவை மட்டும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

இந்தக் கடைசித் துடைப்பில்தான் அச்சடிப்பவர் கலைஞராகிறார். முழுக்கத் துடைத்தால் வெள்ளைப் பின்னணியில் சுத்தமான கோடு. தகட்டின் பரப்பில் மெல்லிய மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தால் படம் முழுக்க அந்திவெளிச்சம் கவியும். ரெம்பிராண்ட் தம் இரவுக் காட்சிகளில் இப்படி ஒரே தகட்டை ஒரு படியில் மாலையாகவும் இன்னொரு படியில் நள்ளிரவாகவும் ஆக்கினார். சாம்பல் நிறம் கோடுகளால் வந்ததா, விட்டுவைத்த மையால் வந்ததா என்று லென்ஸில் கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாள் பருத்தித் தாளாக, சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடையில் இருக்கட்டும். அரைமணி ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து உருட்டி, மேற்பரப்பில் பளபளப்பு போனதும் எடுங்கள். தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. காய்ந்திருந்தால் இழைகள் பள்ளத்துக்குள் இறங்காமல் கோடு விட்டுவிட்டு விழும். நனைந்திருந்தால் தண்ணீர் மையைத் தள்ளும், தாள் தகட்டோடு ஒட்டிக் கிழியும்.

பிரஸில் தகடு, அதன்மேல் தாள், அதன்மேல் மூன்று ஃபெல்ட்: தாளை ஒட்டி மெல்லியது, மேலே தடித்தவை. கைப்பிடியை நிறுத்தாமல் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். பாதியில் நின்றால் அந்த இடத்தில் பட்டையாகத் தடம் விழும். தாளை ஒரு மூலையிலிருந்து மெல்ல உரியுங்கள். கோட்டைச் சுற்றி மை கசிந்திருந்தால் மை இளகல் அல்லது அழுத்தம் அதிகம். முதல் படி வெளிறியிருந்தால் பயப்படாதீர்கள், புதுத் தகட்டில் மை முழுசாக இறங்க இரண்டு மூன்று படிகள் ஆகும். படியை ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை ஏற்றி, ஒற்றுத்தாள்களை மாற்றி மாற்றி, சில நாள் காய விடுங்கள்.

காய்ந்த படியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மைக்கோடு தாளுக்கு மேலே புடைத்து நிற்கும். அசல் எட்சிங்கைத் தேடும்போது தேட வேண்டியது அந்தப் புடைப்பைத்தான்.

ஒரே தகடு, வேறு வேறு படிகள்

தகட்டில் மாற்றம் செய்து மறுபடி அச்சடித்தால் அது புதிய ‘நிலை’. மாற்றமில்லாமல் மையும் தாளும் மட்டும் மாறினால் நிலை அதேதான், படி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் ஒரு கலைஞரின் படங்களைப் பட்டியலிடும் அட்டவணை நூல்கள் சுலபமாகப் புரியும்.

மேலே சொன்ன சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் பின்னணி வெறும் வெள்ளை. இரண்டாம் நிலையில் சுற்றிலும் கோட்டுவலை அடர்ந்து, சங்கு இருட்டிலிருந்து எழுகிறது. ‘மூன்று சிலுவைகள்’ இன்னும் பெரிய மாற்றம். 1653இல் டிரைபாயிண்டில் செய்தது. முதல் மூன்று நிலைகளில் மேலிருந்து ஒளிக்கூம்பு இறங்குகிறது, கூட்டம் தெளிவாக நிற்கிறது. கையெழுத்தும் ஆண்டும் மூன்றாம் நிலையில்தான் வருகின்றன. முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில் நான்காம் நிலை வருகிறது. பல உருவங்களைச் சுரண்டி அழித்து, நெடுங்கோடுகளைத் திரைபோல் இறக்கி, உயரத் தொப்பி அணிந்த குதிரைவீரன் ஒருவனை நுழைத்திருக்கிறார். லென்ஸில் தேடினால் அழித்த உருவங்களின் மிச்சம் ஆவிபோலத் தென்படும். மூன்றாம் நிலையையும் நான்காம் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி பாருங்கள், இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இத்தாலியக் கலைஞர் பிரானேசியின் ‘சிறைகள்’ இதே ரகம். 1750 வாக்கில் வந்த 14 தகடுகள் வெளிச்சமாக, கிறுக்கல்போல் இருக்கும். 1761இல் அவற்றை ஆழமாக அரித்து, படிக்கட்டும் சங்கிலியும் கூட்டி, மேலும் இரண்டு தகடு சேர்த்து 16 ஆக்கினார். முதல் பதிப்பின் காற்றோட்டம்தான் மேல் என்பது எங்கள் கட்சி. பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கலைஞர் இறந்த பின்னும் தகடு வாழும், சிக்கல் அங்கேதான். ரெம்பிராண்ட்டின் பல தகடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் வியாபாரி பாசான் கைக்கு வந்து மறுபடி அச்சாகின. ‘நூறு கில்டர் படம்’ என்று பெயர்பெற்ற, 1648 வாக்கில் முடிந்த பெரிய தகட்டை வில்லியம் பெய்லி என்ற படை அதிகாரி வாங்கி, 1775இல் தேய்ந்த கோடுகளை மறுபடி செதுக்கி அச்சடித்தார். பிறகு தகட்டை நான்கு துண்டாக வெட்டித் தனித்தனியாகவும் அச்சடித்தார். நல்ல படிக்கும் களைத்த படிக்கும் வித்தியாசம் பார்க்க இந்தப் படத்தில் ஓர் இடம் உண்டு: மண்டியிட்ட மூதாட்டியின் கூப்பிய கைகளின் நிழல் இயேசுவின் அங்கியில் விழுகிறது. நல்ல படியில் அந்த நிழல் துணியின்மேல் மிதக்கும், களைத்த படியில் வெறும் அழுக்குத்தான்.

அக்குவாடிண்ட் இன்னும் சீக்கிரம் களைக்கும். பிசின்தூளைத் தகட்டில் தூவி உருக்கி, துகள்களுக்கு இடையில் அமிலம் அரிக்கவிடும் முறை அது. ஸ்பானிய ஓவியர் கோயாவின் 1799ஆம் ஆண்டு ‘கப்ரிச்சோஸ்’ 80 படங்கள் அதில்தான் நிற்கின்றன. அதே தகடுகளிலிருந்து 1937 வரை மொத்தம் பன்னிரண்டு பதிப்புகள் வந்தன. பிந்தியவற்றில் இரவு வானம் பழுப்பு மூட்டமாகக் கரைந்திருக்கும்.

தாள் சொல்வது

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பழைய கைத்தாளில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் சங்கிலி வரிகளும் தெரியும். தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் தடம் அது. வரியில்லாத நெய்தாள் 1750களில் இங்கிலாந்தில் வாட்மன் ஆலையிலிருந்து வந்தது. ‘பதினேழாம் நூற்றாண்டு’ என்று விற்கப்படும் படி நெய்தாளில் இருந்தால் அது பிற்காலத்து அச்சு, ஐயமே வேண்டாம். ஆனால் வரித்தாள் இருப்பது எதையும் நிரூபிக்காது, இன்றும் செய்கிறார்கள். கோமாளித் தொப்பி, ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம் போன்ற நீர்க்குறிகள் ஆண்டை இன்னும் நெருங்கச் சொல்லும்.

ரெம்பிராண்ட் 1640களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியத் தாளையும் எழுதுவதற்கெனப் பதப்படுத்திய விலங்குத் தோலையும் நாடினார். ஜப்பானியத் தாள் மிருதுவானது, பொன்னிறம், டிரைபாயிண்ட் பிசிறை நசுக்காமல் எடுக்கும். தோல் மையை உறிஞ்சாது, எனவே கோடு லேசாகப் பரவிக் குளிர்ந்த பனிபோல் நிற்கும்.

அடுத்து தகட்டுத் தடம், அதாவது தகட்டின் ஓரம் தாளில் அழுந்திய வரம்பு. அதை அளந்து அட்டவணை நூலோடு ஒப்பிடுங்கள். ஈரத்தாள் காயும்போது சுருங்குவதால் ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். தடமே இல்லையென்றால் ஓரம்வரை வெட்டியிருக்கலாம், பழைய சேகரிப்பாளர்கள் அப்படி வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். லென்ஸில் ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால் ஆஃப்செட் பிரதி, பேச்சே இல்லை. ஏமாற்றுவது ஹீலியோகிராவூர்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் அமாண்ட்-டியூரண்ட் புகைப்பட முறையில் தகடு செய்து டியூரரையும் ரெம்பிராண்ட்டையும் அச்சடித்தார். அதிலும் தகட்டுத் தடம் உண்டு, புடைத்த மையும் உண்டு. அங்கே டிரைபாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். அசலில் வெல்வெட் படர்ந்திருக்கும். நகலில் பிசிறு என்று ஒன்று கிடையாது. அந்தப் படர்வைக்கூட அமிலம்தான் அரித்திருக்கும், எனவே ஓரம் தட்டையாக, ஒரே சீராக இருக்கும்.

கீழ் ஓரத்துச் சிறு லத்தீன் எழுத்துகளையும் விடாதீர்கள். இன்வெனிட் என்றால் கற்பனை இவருடையது, பிங்க்ஸிட் என்றால் மூல ஓவியம் தீட்டியவர், ஸ்கல்ப்சிட் என்றால் தகட்டைச் செதுக்கியவர், எக்ஸ்குடிட் என்றால் வெளியிட்டவர். ஒரே ஓவியர் எல்லாம் செய்திருந்தால் ஃபெகிட் என்று மட்டும் இருக்கும். வெளியீட்டாளர் பெயர் மாறியிருந்தால் தகடு கைமாறியிருக்கிறது, நிலையும் மாறியிருக்கிறது.

கடைசியாகத் தாளைப் புரட்டுங்கள். இரண்டு கைகளாலும், எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, சுத்தமான உலர்ந்த விரலால். பின்பக்கத்தில் சின்ன முத்திரை இருந்தால் அது யாரோ ஒரு சேகரிப்பாளருடையது. ஃப்ரிட்ஸ் லூக்ட் 1921இல் தொகுத்த பட்டியலில் எண்ணைத் தேடினால் தாள் யார் யார் கையில் இருந்தது என்று தெரியவரும். செலோடேப்போ பசைத்தாளோ ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்காதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சட்டம் போடுவதாக இருந்தால் அமிலமற்ற பருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டி, ஜப்பானியத் தாள் கீலைக் கோதுமைக் கஞ்சியால் ஒட்டி, மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடுங்கள். சூடு வைத்து அட்டையில் ஒட்டும் முறையைச் சொல்பவரிடம் தாளைக் கொடுக்கவே வேண்டாம், மைப் புடைப்பும் தகட்டுத் தடமும் ஒரே அழுத்தில் தட்டையாகிவிடும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள், சில மாதம் காட்டினால் பிறகு நெடுநாள் பெட்டிக்குள்.